அமரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கின படகு

என் மனைவி வீடு கேரளத்துப் பூவாரில். நெய்யாறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் நடுவில் ஒரு துண்டுத் தென்னந்தோப்பு. முன்வாசலில் இறங்கி ஆட்டோ பிடித்துச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போக முக்கால் மணி நேரம். பின்வாசலில் இறங்கி வள்ளத்தில் போனால் ஏழு நிமிஷம். அந்தக் கால்வாயே 1860-களில் திருவிதாங்கூர் காலத்தில் கன்னியாகுமரி வரை படகு போகட்டும் என்று வெட்ட ஆரம்பித்து, மண்டைக்காட்டோடு நின்றுபோனது. இன்று பாதி இடத்தில் ஆகாயத்தாமரைதான் போய்வருகிறது.

நான் மார்த்தாண்டத்துக்காரன், ஹார்டுவேர் கடை. தேங்காப்பட்டணத்தில் கரையில் நின்று வேடிக்கை பார்த்ததைத் தவிர எனக்கும் படகுக்கும் சம்பந்தம் கிடையாது. மாமா போனபிறகு மாமி தனியாகிவிட்டார். அவரை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளைக் கரைக்கும் கொண்டுபோக, வாடகை வள்ளத்துக்குக் காத்து நின்று அலுத்துப்போய், "நாமளே ஒண்ணு வாங்கிப்போடலாம்" என்று ஒரு ஓணம் லீவில் முடிவெடுத்தோம். புதுசு வாங்கக் காசில்லை. பழைய ஃபைபர் படகு, ஆறு பேர் உட்காரணும், பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின். அவ்வளவுதான் தேவை.

முதல் படகிலேயே பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துத் தொலைத்தேன். பக்கத்துக் கரையில் டூரிஸ்டுகளை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த படகு. நீலமும் வெள்ளையுமாகப் புதுப் பெயிண்ட், கல்யாணப் பந்தல் மாதிரி மினுக்கியது. கயிற்றை ஒரு இழு இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "ஒரு குழப்பமும் இல்லா சாரே" என்றார் உரிமையாளர். நானும் நம்பினேன். மாமி சொல்லித்தான், அட்வான்ஸ் கொடுத்த மறுநாள், இரயுமன்துறையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். முப்பது வருஷமாக மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிற மனுஷன். ஊரில் எல்லாருக்கும் அவர் ஆசான். மாமி வீட்டுக்குப் பழக்கமானவர் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் மருமோன்.

ஆசான் வந்ததும் படகைப் பார்க்கவில்லை. நேராகப் போய் எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். சூடாயிருந்தது.

"நாம வருவோம்னு தெரிஞ்சி முன்னாடியே ஓட்டி வச்சிருக்கான் மருமோனே. சூட்டுல எந்த எஞ்சினும் பிடிக்கும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த எஞ்சின் காலையில எத்தனாவது இழுப்புல பிடிக்குதுன்னு பாக்கணும்."

எஞ்சின் ஆறும்வரை இரண்டு மணி நேரம் கரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். பிறகு ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, கயிற்றை நாலைந்து முறை வேகமாக இழுத்தார். ஒரு சிலிண்டரில் 115. இன்னொன்றில் 80. ரெண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால்தான் எஞ்சின் ஆரோக்கியம் என்று அர்த்தமாம். எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம், ஏனென்றால் கேஜுக்குக் கேஜ் எண் மாறும். ப்ளக்கின் நுனி கரி பிடித்து எண்ணெய்ப் பசையோடு இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு "மண்ணெண்ண ஓட்டின எஞ்சின்" என்றார். மீன்பிடிக்கு அப்படி ஓட்டுவது சகஜம்தான். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதற்கென்றே எஞ்சின்கள் உண்டு. ஆனால் இது அந்த ரகம் இல்லை, பெட்ரோல் எஞ்சின். உள்ளே கரி அடைந்து பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார்.

அட்வான்ஸில் ஐயாயிரம் திரும்பி வந்தது. மீதி ஐயாயிரத்தை ட்யூஷன் ஃபீஸ் என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது படகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மீன்பிடி வள்ளம். மேலே தகரக் கூரை, இரண்டு பக்கமும் பெஞ்சு, கூரைமேல் ஏறி உட்கார ஏணி வேறு. விலை ரொம்பக் குறைவு. என் மனைவி ஏணியைப் பார்த்ததும் "தானூர் படகு மாதிரி இருக்கு, வேண்டாம்" என்று திரும்பி நடந்துவிட்டாள். 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் தானூரில் கவிழ்ந்து 22 உயிர் போன படகு, மீன்பிடிப் படகை மாற்றி இரண்டடுக்கு டூரிஸ்ட் படகாக்கியதுதான். அடிப்பாகம் எந்த வேலைக்குக் கட்டப்பட்டதோ அதற்குத்தான் நிதானமாக நிற்கும். மீனும் வலையும் அடியில் கிடக்கும். ஆள் மேலே நிற்பான். படகுக்கு இது பெரிய வித்தியாசம்.

மூன்றாவது மன்றோ தீவில். கொல்லத்துக்குப் பக்கம், கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் சேருகிற இடம். அங்கே ஒரு குடும்பம், வீட்டு உபயோகத்துக்கு வாங்கி ஒன்பது வருஷம் ஓட்டிய பதினெட்டடி ஃபைபர் படகு. யமஹா 25 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக். பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள், வீட்டுப் பெரியவரான அப்பச்சனுக்குக் கயிறு இழுக்கத் தோள் ஒத்துழைக்கவில்லை. பெயிண்ட் போகட்டும், பாசியைக்கூடக் கழுவி வைக்கவில்லை. ஆசானுக்கு அதுவே பிடித்துவிட்டது.

அன்று அவர் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் கற்றதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

படகைக் கரையில் ஏற்றி, மணலில் சாய்த்து வைத்தோம். ஆசான் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். அமரத்துப் பலகை, அதாவது பின்பக்கம் எஞ்சின் மாட்டுகிற அந்தச் சுவர், அதை இடமிருந்து வலமாக, ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு. டக். டக். டக். காது பக்கத்தில் இருந்தது. வலது ஓரத்தில், கீழே, தண்ணீர் வடிகிற ஓட்டைக்குச் சுற்றிலும் மட்டும் சத்தம் மாறியது. தொப். மறுபடி தட்டினார். தொப். பழுத்த பலாப்பழத்தைத் தட்டுகிற சத்தம்.

"கேட்டியளா மருமோனே? உள்ள பிளைவுட்டு நனைஞ்சிருக்கு."

ஃபைபர் படகு என்றால் முழுக்க ஃபைபர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் அமரத்தில் எஞ்சின் பாரம் தாங்குவதற்காக இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே மரப்பலகை வைத்திருப்பார்கள். ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. வெளியே பார்த்தால் பளபளப்பு; உள்ளே மரம் புட்டு மாவு மாதிரி ஆகிக்கொண்டிருக்கும். ஒருநாள் வேகமாகப் போகும்போது எஞ்சினோடு சேர்ந்து பின்சுவரே பிய்ந்து போகும்.

ஆசான் எஞ்சினைத் தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். நான் ஆட்ட, அவர் பலகையும் தரையும் சேருகிற மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகை அசையவில்லை, விரிசலும் இல்லை. பிறகு அப்பச்சனிடம் அனுமதி கேட்டு, உள்பக்கமாக, தொப்பென்று கேட்ட இடத்தில் மூன்று மில்லிமீட்டர் டிரில் போட்டார். வந்த மரத்தூளை உள்ளங்கையில் கொட்டி விரலால் நசுக்கினார். கொஞ்சம் ஈரம், ஆனால் தேக்குப் பெட்டி மாதிரி வாசம், கருப்பாகவும் இல்லை. ஒரு சாண் மேலே இன்னொரு ஓட்டை: காய்ந்த தூள். "ஆரம்ப நோய்தான். வெட்டி எடுத்து வேற பலகை வச்சா போதும். பதினஞ்சாயிரம் ஆகும், விலையில குறைச்சிக் கேளுங்க." ஓட்டைகளை அப்போதே எபாக்ஸி வைத்து அடைத்துவிட்டார். அப்பச்சனுக்கு அதில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அடுத்து எஞ்சினின் கீழ்முனை. ப்ரொப்பெல்லருக்கு மேலே கியர் இருக்கிற பகுதி. அடியிலிருக்கும் திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடித்தார். எஞ்சினை ஓட்டின உடனே இதைப் பார்க்கக் கூடாதாம், ஒரு இரவு சும்மா நிற்கவிட்டுப் பார்க்கவேண்டும். உள்ளே தண்ணீர் இருந்தால் அடியில் இறங்கி, எண்ணெய்க்கு முன்னால் அதுதான் சொட்டும். கலந்துபோயிருந்தால் பால் காப்பி நிறம். இங்கே வந்தது கருத்த எண்ணெய், தண்ணீர் இல்லை. கருப்பென்றால் மாற்றி நாளாச்சு என்று மட்டும்தான்.

பிறகு ட்ரம்மில் தண்ணீர் நிறைத்து எஞ்சினை இறக்கி, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணினார். நாலாவது இழுப்பு. பின்னாலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் துப்பவேண்டும், அதுதான் குளிர்விக்கிற தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். துப்பியது, ஆனால் நூல் மாதிரி. உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், சாமான் மலிவுதான், ஆனால் அதைப் பார்க்காமல் விட்டால் எஞ்சின் பத்து நிமிஷத்தில் வெந்துபோகும் என்றார். கம்ப்ரஷன் 105, 102. ஆசான் முதல்தடவையாகச் சிரித்தார்.

அவர் மறந்துபோய், அப்பச்சனே எடுத்துச் சொன்ன விஷயம் ஒன்று. எஞ்சினின் கால் நீளம். பெரும்பாலும் 15 அங்குலம், 20 அங்குலம் என இரண்டு வகை. அமரத்தின் உயரத்துக்கு ஏற்றது இல்லையென்றால், நீளமானது இழுவையைக் கூட்டும், குட்டையானது வளைவில் காற்றைக் கடித்து வெறுமனே சுற்றும். எஞ்சினை மட்டும் தனியாக மாற்றி விற்ற படகுகளில் இந்தக் கோளாறு நிறைய உண்டாம். இது பொருத்தமாகவே இருந்தது.

காயலில் ஓட்டிப் பார்க்கும்போது ஆசான் அப்பச்சனின் மகள் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு ஏற்றினார். ஆறு பேர். "ஒத்தை ஆளு ஓட்டினா எல்லாப் படகும் பறக்கும்." ஆறு பேரோடு அது பறக்கவில்லை, ஆனால் அணியம், அதாவது முன்பக்கம், தூக்காமல், மூச்சு வாங்காமல் போனது. எங்களுக்கு அது போதும்.

கேட்ட விலை 2,60,000. அமரம், இம்பெல்லர், கியர் எண்ணெய் எல்லாம் கணக்குச் சொல்லி 2,15,000-க்கு முடிந்தது. மேற்கொண்டு எனக்குச் செலவானது 41,000. பலகை மாற்றும்போதுதான் தெரிந்தது, ஆசான் சொன்ன பதினைந்தாயிரம் இருபத்திரண்டாயிரம் ஆகும் என்று. எந்த மேஸ்திரியும் சொல்கிற எஸ்டிமேட்டை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வது நல்லது. கடைக்காரனான நானே இதை மறந்துவிட்டேன்.

கடுதாசி விஷயத்தில் நான் அவசரப்படவில்லை. அதற்கு என் தொழில் புத்தி உதவியது. 1917-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. எஞ்சின் வைத்த படகுக்கு சர்வே, ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. கேரளத்தில் இதைப் பார்த்துக்கொள்வது கேரள மாரிடைம் போர்டு. சர்ட்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விஷயம் ஒப்பிட்டேன். அணியத்தில் எழுதியிருக்கும் எண், எஞ்சினில் தகட்டில் அடித்திருக்கும் எண், உரிமையாளர் பெயர். எஞ்சின் எண் ஒத்துவரவில்லை! பழைய எஞ்சின் போய் இந்த எஞ்சின் வந்ததை அப்பச்சன் பதிவில் சேர்க்கவில்லை. அதைத் திருத்தி, பிறகு எங்கள் பெயருக்கு மாற்றும்வரை முழுப் பணமும் கொடுக்கவில்லை. அப்பச்சன் கோபப்படவில்லை. இப்படி நிறுத்திவைக்கும்போது கோபப்படுகிறவரிடம் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

ஓட்டுவதற்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. என் மச்சான் டூரிஸ்ட் படகில் ஸ்ராங்க், அதாவது படகோட்டி, அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது. அதனால் படகு எங்களுடையது, ஓட்டுவது அவன், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது நான்.

மினி லாரியில் ஏற்றி நூறு கிலோமீட்டர் கொண்டுவந்தோம். வழியெல்லாம் பயலுகள் கைகாட்டினார்கள். சின்னவன் கடைசிவரை லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் கைகாட்டினான்.

லைஃப் ஜாக்கெட் நான் கடையில் வாங்கவே இல்லை, படகோடு ஆறு வந்தது, போதும் என்று இருந்தேன். மனைவிதான் பிடிவாதமாகச் சின்னவனுக்கு மாட்டிவிட்டுத் தோப்புக்குப் பின்னால் கழுத்தளவு தண்ணீரில் இறக்கினாள். ஜாக்கெட் மேலே வந்தது, பிள்ளை கீழே போனான். இரண்டு காதையும் மூடிக்கொண்டு, தண்ணீருக்குக் கீழே கண் விழித்துப் பார்த்தான், அவள் கையில் பிடித்தே இருந்தாள். பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு இறுக்கிக் கட்டினாலும் இதுதான் நடக்கும். எடைக்குத் தகுந்தது வேண்டும், கால்களுக்கு நடுவே வரும் பட்டை வேண்டும். அன்று சாயங்காலமே இரண்டு சின்ன ஜாக்கெட் வாங்கினேன். கரையில் இருக்கும்போதே மாட்டுவது எங்கள் வீட்டுச் சட்டம், மாமிக்கும் சேர்த்து. மாமி முதலில் சேலைமேல் அதைப் போட வெட்கப்பட்டார், இப்போது ஃபோட்டோவுக்கே அதோடுதான் நிற்பார்.

இவ்வளவு பார்த்து வாங்கிய படகு வாங்கின மூன்றாவது மாதம் நடுவழியில் நின்றது. தப்பு படகுடையது இல்லை, என்னுடையது.

ஐப்பசி மழை. நெய்யாறு அணையில் ஷட்டர் திறந்திருந்தார்கள், ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. எதிர்க்கரையில் ஒரு சடங்கு வீடு, முடித்துத் திரும்பும்போது சாயங்காலம் ஐந்தரை. காயலின் நடுவில், ஆறு கடலில் சேருகிற பொழிக்கு முன்னூறு மீட்டர் இருக்கும்போது எஞ்சின் இரண்டு தரம் விக்கியது, நின்றது. மச்சான் இழுத்தான், இழுத்தான். ஆறு எங்களைப் பொழிமுகத்தை நோக்கி எடுத்துக்கொண்டு போனது. அங்கே மணல்திட்டு உடைந்து கடல் நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது, அலை உடையும் வெள்ளை வரி தெரிந்தது. பெரியவள் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் ஞாபகம்.

நங்கூரத்தை எறிந்தேன். பிடிக்கவில்லை, மண்ணை உழுதுகொண்டே வந்தது. "கயிறு பத்தாது மச்சான்!" என்று அவன் கத்தினான். பத்தடி ஆழத்துக்கு இருபத்தைந்தடிக் கயிறுதான் கட்டியிருந்தேன். கயிறு செங்குத்தாக இழுத்தால் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வரும், படுக்கையாக இழுத்தால்தான் மண்ணில் புதையும். ஆழத்தைப்போல ஐந்தாறு மடங்கு வேண்டும். படகு இழுக்கிற கயிற்றை அவசர முடிச்சுப் போட்டு அதோடு சேர்த்து விட்டோம். அறுபதடி போனதும் ஒரு உதறல், படகு திரும்பி ஆற்றை எதிர்த்து நின்றது. இன்று அந்தக் கயிறு எண்பதடி, நங்கூரத்துக்குப் பக்கத்தில் இரண்டு மீட்டர் சங்கிலியும் உண்டு.

கேனில் இரண்டு லிட்டர் புது பெட்ரோல், எண்ணெய் கலந்து, இருந்தது. டியூபை அதில் மாற்றி, பழைய பெட்ரோல் போகிறவரை ரப்பர் பல்பை அழுத்தி, பதினோராவது இழுப்பில் பிடித்தது.

மறுநாள் ஆசான் 24 லிட்டர் சிவப்பு டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தார். அரை மணி நேரத்தில் இரண்டு அடுக்கு பிரிந்தது. மேலே பெட்ரோல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக வேறெதோ. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்ததும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுகிற குழாயும் அடியில்தானே இருக்கிறது. கலந்திருந்த டூ ஸ்ட்ரோக் எண்ணெயோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், ஓடினாலும் மசகில்லாமல் ஓடும். நான் மூன்று வாரம் அரை டேங்கை மூடியின் காற்றுத் திருகைத் திறந்தபடியே மழையில் விட்டிருந்தேன். "அமரத்தைத் தட்டித் தட்டிப் பாத்தோம், டேங்கைப் பாக்கலியே" என்றார் ஆசான்.

இப்போது தேவைக்கு மட்டும் பெட்ரோல், 50 லிட்டருக்கு ஒரு லிட்டர் கணக்கில் எண்ணெய். குழாயில் தண்ணீரைப் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று போட்டாயிற்று. வீட்டுக்கு வந்ததும் ட்ரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓட்டி உப்பைக் கழுவுவது சின்னவன் வேலை, தண்ணீர் துப்புகிறதா என்று பார்ப்பதும் அவன் பொறுப்பு.

போன சனிக்கிழமை, இரவெல்லாம் நின்ற எஞ்சினின் அடித்திருகை அரைச் சுற்று தளர்த்தி வெள்ளைக் கிண்ணத்தைப் பிடித்தேன். சொட்டியது மார்த்தாண்டம் தேன் நிறம். மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "அது எங்க கிண்ணம்லா மருமோனே, கழுவி வச்சிரும்" என்றார்.